எந்தப் பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம்?

(சிரம்பான் வட்டாரத்துத் தோட்டமொன்றில் நடைபெற்ற தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

விடியற்காலை பிரட்டுக்குப் போய் மரம் வெட்டிக் களைத்த உடம்போடு இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே, கிராணிமார்களே!

செயலாளர் என்னைக் கூப்பிட்டபோது, "கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். கல்வியின் சிறப்பை உங்களுக்கு எடுத்துச்சொல்ல நான் ஒருவன் வேண்டியதில்லை. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் நிரைக்குள் நுழைகிற ஒவ்வொரு தாயும், "இந்த விளக்கு என் மகள் நெற்றிக்கு வரக்கூடாது" என்று நினைத்துக்கொண்டுதான் நுழைகிறாள். ஆகவே அதை விட்டுவிட்டு, உங்கள் வீடுகளில் இப்போது நடந்துகொண்டிருக்கிற ஒரு வாக்குவாதத்தைப் பற்றிப் பேசலாமென்று வந்திருக்கிறேன்.

இந்தத் தோட்டத்திலிருந்து இவ்வாண்டு ஆறாம் வகுப்பை முடிக்கிற பிள்ளைகள் பதினொரு பேர் என்று அறிந்தேன். அந்தப் பதினொரு வீட்டிலும் ஒரே பேச்சுதான்: பக்கத்துப் பள்ளியா, டவுன் பள்ளியா? எந்த ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு எந்த இடைநிலைப்பள்ளி என்று கல்வி இலாகாவே ஒதுக்கிவிடுகிறது என்றாலும், மாற்றம் கேட்டு மனுப்போட வழியிருக்கிறது. மனுப்போட்டவர்கள் சிலர் இங்கேயே இருக்கிறீர்கள். ஏன் மாற்றம் வேண்டுமென்று கேட்டால், "டவுன் பள்ளியில் எஸ்.பி.எம். ரிசல்ட் நல்லா இருக்கு சார்" என்கிறீர்கள். நல்லா இருக்கிறது என்றால் என்ன, யாருக்கு நல்லா இருக்கிறது? இதைத்தான் நாம் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரிசல்ட் வந்ததும் பள்ளியின் சராசரித் தரம் என்று ஓர் எண்ணைச் சொல்வார்கள். மலாயில் சுருக்கமாக ஜி.பி.எஸ். என்பது அதுதான். ஏ பிளஸ் வாங்கினால் 0, ஏ-க்கு 1, ஏ மைனஸுக்கு 2, பி பிளஸுக்கு 3, பி-க்கு 4, சி பிளஸுக்கு 5, சி-க்கு 6, டி-க்கு 7, இ-க்கு 8, தோல்வியாகிய ஜி-க்கு 9. எல்லாப் பாடத்தையும் எல்லா மாணவர்களையும் கூட்டி வகுத்தால் வருவது அந்தச் சராசரி. எண் சிறுத்தால் பள்ளி உயர்வு, எண் பெருத்தால் பள்ளி தாழ்வு. ஓர் அம்மா என்னிடம், "அந்தப் பள்ளிக்கு 6 மார்க், இந்தப் பள்ளிக்கு 4 மார்க்குதான் சார், அதனால் அந்தப் பள்ளிக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன்" என்றார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். தலைகீழான கணக்கை மக்கள் முன்னால் போட்டுவிட்டு விளக்காமல் போகிறவர்களைத்தான் குறைசொல்ல வேண்டும்.

நாடு முழுவதற்கும் இப்படி ஒரு சராசரி உண்டு. 2023-ஆம் ஆண்டு எஸ்.பி.எம். சோதனைக்கு அது 4.60. 2024-ஆம் ஆண்டுச் சோதனைக்கு 4.49. எண் இறங்கியிருக்கிறது, ஆகவே நாடு ஏறியிருக்கிறது.

இப்போது உங்கள் தொழிலுக்கு வருகிறேன். இங்கே பாதிப் பேர் செம்பனைக்கு மாறிவிட்டாலும் பால் வெட்டு மறந்து போயிருக்காது. இரண்டு பேர் மரம் வெட்டுகிறார்கள். ஒருவர் முப்பது லிட்டர் கொண்டுவந்து ஸ்டோரில் வைக்கிறார். இன்னொருவர் இருபது லிட்டர் வைக்கிறார். யார் நல்ல வெட்டுக்காரர்? உடனே பதில் சொல்வீர்களா? மாட்டீர்கள். "எந்த நிரை?" என்று கேட்பீர்கள். இளமரமா, கிழமரமா? புதுப்பட்டையா, இரண்டு தடவை வெட்டித் தழும்பேறிய பட்டையா? மேட்டு நிரையா, பள்ளத்து நிரையா? கிராணியார் அதோடு நிற்கமாட்டார். பாலில் மெட்ரோலாக்கை விட்டுப் பார்ப்பார், எத்தனை பங்கு ரப்பர், எத்தனை பங்கு தண்ணீர் என்று. கிழட்டு நிரையில் நின்று இருபது லிட்டர் எடுத்தவர், நல்ல நிரையில் முப்பது எடுத்தவரைவிடக் கெட்டிக்காரராக இருக்கக்கூடும் என்பது இந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். நிரையைப் பார்க்காமல் எடையை மட்டும் பார்த்து ஆளை மட்டந்தட்டிய மானேஜர்களை எதிர்த்துச் சண்டை போட்டவர்கள் அல்லவா நாம்?

பள்ளிக்கூடம் என்று வந்ததும் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்க மறந்து விடுகிறோம்?

நம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிரம்பானில் 1899-இல் தொடங்கிய செயின்ட் பால்ஸ் இருக்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரைத் தாங்கிய பள்ளி இருக்கிறது. பெயரும் பழம்பெருமையும் உள்ள பள்ளிகள், அவற்றுக்கு என் மரியாதை என்றும் உண்டு. துங்கு குர்ஷியா கல்லூரி இருக்கிறது. 1947-இல் கோலாலம்பூரில் மலாய்ப் பெண்கள் கல்லூரியாகத் தொடங்கி, 1962-இல் சிரம்பானுக்கு வந்து, 2010-இல் என்ஸ்டெக் நகருக்கு மாறியது. அது முழுநேர விடுதிப் பள்ளி. நன்றாகப் படிக்கிறவர்கள் என்று தேர்ந்தெடுத்த பிள்ளைகளைத்தான் அங்கே சேர்க்கிறார்கள். அப்படிப்பட்ட பள்ளியின் எண்ணையும், சாலையோரத்தில் வருகிற பிள்ளையையெல்லாம் சேர்த்துக்கொள்கிற சாதாரணத் தேசிய இடைநிலைப்பள்ளியின் எண்ணையும் ஒரே தாளில் மேலும் கீழுமாக எழுதினால், அது பொறுக்கிக் கொடுத்த நிரையையும் மிஞ்சிப்போன நிரையையும் ஒரே தராசில் போட்டதாகும்.

சிங்கப்பூரில் 1992 முதல் இடைநிலைப்பள்ளிகளை வரிசைப்படுத்திப் பட்டியல் போட்டார்கள். 2004-இல் அதைத் தளர்த்திக் கட்டுக்கட்டாகப் பிரித்தார்கள். 2012-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். அவர்களே கைவிட்ட பழக்கத்தை நாம் காப்பிக்கடையில் உட்கார்ந்து தொடர்ந்து செய்கிறோம்.

சரி, ஒரே மாதிரியான இரண்டு சாதாரணப் பள்ளிகளையே ஒப்பிடுவோம் என்றால், அப்போதும் அந்த எண் முழு உண்மையைச் சொல்வதில்லை. கிராணிமார்கள் இருக்கிறீர்கள், கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பில் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் ஏ பிளஸ், ஐந்து பேர் ஜி. கூட்டினால் 45, வகுத்தால் 4.5. இன்னொரு வகுப்பில் ஐந்து பேர் பி, ஐந்து பேர் சி பிளஸ். கூட்டினால் அதே 45, வகுத்தால் அதே 4.5. முதல் வகுப்பில் பாதிப் பேர் தோற்றிருக்கிறார்கள். இரண்டாவது வகுப்பில் தோற்றவர் ஒருவருமில்லை. பத்திரிகைக்காரர் படம்பிடிக்க முதல் பள்ளிக்குத்தான் போவார், ஏனென்றால் ஏ பிளஸ் அங்கேதான் இருக்கிறது. உங்கள் பிள்ளை முதலாவதாக வருகிற பிள்ளையாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான். நடுவிலே நிற்கிற பிள்ளையாக இருந்தால்? நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் நடுவிலே நிற்கிறவர்கள்தாம், அதில் வெட்கமில்லை. 2024-ஆம் ஆண்டுச் சோதனையில் எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கியவர்கள் நாடு முழுவதிலும் 14,179 பேர். நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. மற்ற தொண்ணூற்றாறு பேருக்கும் பள்ளி என்ன செய்தது என்பதைத்தான் பெற்றோர் கேட்க வேண்டும்.

தோழர்களே, அந்த எண்ணில் வராதவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அந்தப் பள்ளி ஆறாம் வகுப்போடு முடிந்தது. அதன் பிறகு இடைநிலைப்பள்ளிக்குப் போக ஒரு நுழைவுச் சோதனை இருந்தது. அதில் தவறினால் வாளியைத் தூக்க வேண்டியதுதான். அந்தச் சோதனையை எடுத்துவிட்டு, 1965 முதல் எல்லாரும் மூன்றாம் படிவம் வரை போகலாம் என்றார்கள். கதவு திறந்த சில வருஷத்துக்குள் உள்ளே போனவன் நான். தோட்டத்து லாரியில் பதினான்கு பையன்கள் ஏறினோம். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள் என்பதால் முதல் வருஷம் புகுமுக வகுப்பு. மற்றவன் ஐந்து வருஷத்தில் முடிப்பதை நாங்கள் ஆறு வருஷத்தில் முடிக்க வேண்டும். வகுப்பறை பள்ளியின் கடைசியில், சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில். முதல் வருஷம் நான்கு பேர் நின்றுவிட்டார்கள். மூன்றாம் படிவச் சோதனையில் ஆறு பேர் போனார்கள். ஐந்தாம் படிவத்தில் சோதனை எழுதியவர்கள் இரண்டு பேர், இருவருமே தேறினோம். எங்கள் பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஆனால் அந்த வருஷம் அதன் ரிசல்ட்டை ஊரே மெச்சியது. லாரியிலிருந்து இறங்கிப்போன பன்னிரண்டு பேர் எந்தக் கணக்கிலும் இல்லை. அவர்கள் இல்லாததால்தான் கணக்கு அத்தனை அழகாக இருந்தது.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கும் சராசரி எடுப்பது சோதனை எழுதியவர்களை வைத்துத்தான். ஒரு பள்ளியில் முதலாம் படிவத்தில் 200 பேர் சேர்ந்து, ஐந்தாம் படிவத்தில் 150 பேர் எழுதி, சராசரி 4.00 என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு பள்ளியிலும் 200 பேர் சேர்ந்தார்கள். அதே தரமுள்ள 150 பேரோடு, தட்டுத்தடுமாறிய 40 பேரையும் விடாமல் இழுத்துவந்து உட்கார வைத்தார்கள். அந்த 40 பேரும் சராசரி 7, அதாவது டி வாங்கினார்கள். அந்தப் பள்ளியின் சராசரி 4.63 ஆகிவிடும். நாற்பது பிள்ளைகளைக் கரையேற்றிய பள்ளி, பட்டியலில் கீழே போய்விட்டது! கிராணி ஐயா தலையாட்டுகிறார், கணக்குச் சரியென்று நினைக்கிறேன். சேர்ந்தவர்களில் சிலர் வேறு பள்ளிக்கு மாறியிருக்கலாம். அதையும் விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் விசாரிக்கிறவர் யார்?

நானே விசாரிக்காமல் ஒரு தவறு செய்தேன். இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெண்பிள்ளை. தகப்பனார் பால் வெட்டுக்காரர், என்னோடு லாரியில் ஏறிய பதினான்கு பேரில் ஒருவருடைய மகன். "எந்தப் பள்ளி வாத்தியாரே?" என்று கேட்டார். நான் ரிசல்ட்டைப் பார்த்து டவுன் பள்ளியைச் சொன்னேன். மனுவையும் நானே எழுதிக்கொடுத்தேன். பிள்ளை காலை நாலே முக்காலுக்கு எழுந்து, ஐந்தரைக்கு வேன் ஏறி, பிற்பகல் மூன்று மணிக்கு வீடு திரும்பியது. மாலை வகுப்பு என்றால் திரும்ப வேன் கிடையாது, ஆகவே மாலை வகுப்பே கிடையாது. அந்தப் பள்ளியின் நல்ல ரிசல்ட்டுக்குக் காரணமே அந்த மாலை வகுப்புகள்தாம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வேன் கூலி கட்ட முடியாத மாதங்களில் பிள்ளை வீட்டிலிருந்தது. கணக்குப் பாடத்தில் பின்தங்கிய பிள்ளைகளைக் கடைசி வகுப்பில் போட்டுவிட்டு மறந்துவிட்டார்கள். மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டது. இப்போது செனவாங்கில் ஒரு பாக்டரியில் வேலை செய்கிறது. தகப்பனார் என்னை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. வழியில் பார்த்தால், "சாப்பிட்டீங்களா வாத்தியாரே?" என்றுதான் கேட்கிறார்.

அன்று நான் பார்த்தது ஓர் எண் மட்டும். கேட்டிருக்க வேண்டியதைக் கேட்கவில்லை. என்ன கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது சொல்கிறேன்.

முதலாம் படிவத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதே கூட்டத்தில் எத்தனை பேர் ஐந்தாம் படிவத்தில் சோதனை எழுதினார்கள்? பெயர் பதிந்தும் வராதவர்கள் எத்தனை பேர்? நாடு முழுவதும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் எஸ்.பி.எம்.-க்குப் பெயர் பதிந்துவிட்டு மண்டபத்துக்கு வருவதில்லை.

மலாய்மொழியிலும் சரித்திரத்திலும் தேறாதவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். மற்றப் பாடத்தில் எத்தனை ஏ வாங்கினாலும் மலாய்மொழியில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சர்டிபிகேட் கிடையாது, 2013 முதல் சரித்திரமும் அப்படியே. எட்டுப் பாடம் எழுதி வெறுங்கையோடு வீட்டுக்கு வந்த பிள்ளைகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பள்ளியின் சராசரியில் அந்தத் தோல்வி மற்றொரு 9, அவ்வளவுதான். பிள்ளைக்கு அதுதான் எல்லாம்.

புகுமுக வகுப்பு இருக்கிறதா, அதில் யார் பாடம் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். மலாய்மொழியில் பின்தங்கி வருகிற தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஏற்பட்ட வகுப்பு அது. நல்ல ஆசிரியரைப் போட்டிருந்தால் அந்தப் பள்ளியை நம்பலாம். புதிதாக வந்தவரையும் மாற்றலாகிப் போகக் காத்திருப்பவரையும் போட்டிருந்தால், அந்தப் பள்ளி நம் பிள்ளைகளைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது தெரிந்துவிடும். பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போனால் முதல்வர் அறைக்கு முன்னால் இருக்கிற கோப்பைகளைப் பார்க்காதீர்கள். கடைசி வகுப்பறையைப் பார்க்கவேண்டும் என்று சொல்லுங்கள்.

தமிழ் நேரப் பட்டியலில் இருக்கிறதா? 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளியிலும் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் தமிழ் கற்பிக்க வசதி செய்யவேண்டும். நம் தோட்டத்தில் பதினொரு பேர். பக்கத்துத் தோட்டத்திலிருந்து நான்கு பேர் சேர்ந்தால் பதினைந்து. எல்லாரும் ஆளுக்கொரு பள்ளியாகச் சிதறிப் போனால் எந்தப் பள்ளியிலும் பதினைந்து தேறாது. இதையும் மனுப்போடுமுன் யோசியுங்கள்.

ஒரு வருஷத்து ரிசல்ட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். மழைபெய்த ஒருநாள் எடையை வைத்து மாதச் சம்பளம் போட்டால் ஒப்புக்கொள்வீர்களா? மூன்று வருஷத்தைப் பாருங்கள். சிறிய பள்ளியில் ஐந்தாறு பிள்ளைகள் முன்பின்னாகப் போனாலே எண் ஆட்டம் காணும்.

இன்னொரு சங்கடத்தையும் சொல்லவேண்டும். முன்பு ஆறாம் வகுப்பில் யு.பி.எஸ்.ஆர். இருந்தது, மூன்றாம் படிவத்தில் பி.டி.3 இருந்தது. பிள்ளை எந்த நிலையில் உள்ளே போனது, எந்த நிலையில் வெளியே வந்தது என்று ஒப்பிட ஓர் அளவுகோல் இருந்தது. 2021-இல் முதலாவதையும் 2022-இல் இரண்டாவதையும் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் பாரம் குறைந்தது என்று மகிழ்ந்தோம், நானும் மகிழ்ந்தேன். ஆனால் பிள்ளை பின்தங்குவதை ஐந்தாம் படிவம் வரை வெளியார் யாரும் சொல்லமாட்டார்கள் என்ற நிலையும் வந்துவிட்டது. பள்ளி கொடுக்கிற மதிப்பீட்டுத் தாள்களைத் தூக்கி எறியாமல் ஒரு கோப்பில் போட்டுவையுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் கிராணி ஐயாவிடம் காட்டுங்கள். அவர் செக்ரோலைப் படிக்கிறவர், இதைப் படிக்கமாட்டாரா?

"இத்தனையும் சொன்னீர்களே, எந்தப் பள்ளி என்று சொல்லவில்லையே" என்பீர்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளை, டவுனில் தங்குவதற்கு உறவினர் வீடு இருக்கிறது என்றால் டவுனுக்கு அனுப்புங்கள், நான் தடுக்கமாட்டேன். நடுத்தரமான பிள்ளை, வேனில் போய் வரவேண்டும் என்றால், மாலை வகுப்புக்கு நின்றுவிட்டு வெளிச்சத்தில் வீடு வந்து சேரக்கூடிய பள்ளிக்குத்தான் என் ஓட்டு, அதன் எண் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும். இது என் அபிப்பிராயம். பக்கத்துப் பள்ளியிலும் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். பக்கத்தில் இருக்கிறது என்பதனால் மட்டும் ஒரு பள்ளி நல்ல பள்ளியாகிவிடாது.

இடைநிலைக் கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தம் 2025-இல் நாடாளுமன்ற மக்களவையில் நிறைவேறியது. பிள்ளையைப் பள்ளியில் வைத்திருப்பது பெற்றோரின் கடமை என்று சட்டம் சொல்லுமானால், வைத்திருந்த பிள்ளைக்கு என்ன கற்பித்தீர்கள் என்று கேட்பது பெற்றோரின் உரிமை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முதல்வர் ரிசல்ட் அறிக்கை வாசிக்கும்போது நம்மவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டுப் பலகாரம் சாப்பிட்டு வருகிறோம். மலாயில் கேட்கக் கூச்சமாக இருந்தால், நான்கு கேள்வியையும் மலாயில் எழுதித் தருகிறேன். எழுந்து நின்று படித்தால் போதும்.

செயலாளரிடம் பேசியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை இரண்டு பள்ளிகளுக்கும் போய் முதல்வர்களைப் பார்க்கிறோம். நான் வருகிறேன். பதினொரு வீட்டிலிருந்தும் ஆளுக்கொருவர் வரவேண்டும். அப்பா வேலைக்குப் போனால் அம்மா வரட்டும். திரும்பி வந்து இதே கொட்டகையில் உட்கார்ந்து, மாலை வகுப்புக்குச் சேர்த்து ஒரு வேனைப் பேசினால் வீட்டுக்கு எத்தனை வெள்ளி ஆகும் என்று கணக்குப் போடுவோம். வருகிறவர்கள் கூட்டம் கலைவதற்கு முன்னால் கிராணி ஐயாவிடம் பெயர் கொடுங்கள். புத்தகத்தில் பதினொரு வரி கோடு போட்டு வைத்திருக்கிறார்.